புதுவைத் துறைமுகமும் தமிழர் உழைப்பும்

(திருவாண்டார்கோயிலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரையினின்று நெடுந்தொலைவு உள்ளே தள்ளியிருக்கும் இவ்வூரில் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஞானசம்பந்தர் பாடிய வடுகூர் இது. வயலும் வரப்பும் சூழ்ந்த ஊர் இது. இதற்கும் உப்புநீருக்கும் என்ன உறவு என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை ஊர்வாயிலிலேயே இருக்கிறது. ஊரையொட்டிச் செல்லும் விழுப்புரம் சாலை எதற்காகப் பெருவழியாயிற்று? 1879 திசம்பர் 15-ஆம் நாள் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை எதற்காகத் திறக்கப்பெற்றது? உள்நாட்டு விளைச்சல் கரைக்குப் போவதற்காக. கரையில் இறங்கிய சரக்கு உள்நாட்டுக்கு வருவதற்காக. துறைமுகத்தின் தலைதான் கடலோரத்தில் இருக்கிறது. அதன் வேர்கள் வில்லியனூரிலும் பாகூரிலும் திருபுவனையிலும் திருவாண்டார்கோயிலிலும் ஓடுகின்றன. வேர் தன் வரலாற்றை அறியாவிட்டால், அவ்வரலாற்றைப் பிறர் எழுதுவர், எழுதியும் விட்டனர்.

புதுச்சேரியின் வரலாறு என்று அச்சேறிய நூல்கள் பலவற்றைப் புரட்டினால் ஆளுநர்களின் பெயர்ப் பட்டியலைக் காணலாம். எந்த ஆளுநர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பவை எல்லாம் அவற்றில் உண்டு. அலையைப் பிளந்து சரக்கைக் கரை சேர்த்தவன் யார், துணியை நெய்தவன் யார், அதனை நீலத்தில் தோய்த்தவன் யார் என்பனதாம் இல்லை. அந்த இல்லாத ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பழந்துறை

பிரெஞ்சியர் வந்த பிறகே இக்கரையில் கடல்வணிகம் தோன்றிற்று என்பது அறியாமை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பை அடுத்து, அரிக்கமேடு கிடக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அதனை அகழ்ந்தார். உரோமரின் மதுச்சாடிகளும், இத்தாலிய மண்கலங்களின் உடைசல்களும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். உரோமர் வருவதற்கு முன்னரே அங்குக் குடியிருப்பு இருந்தது என்பதும், அவர் வணிகம் தளர்ந்த பின்னரும் அவ்வூர் வாழ்ந்தது என்பதும் பின்னை ஆய்வுகளால் தெளிவாயின. கிரேக்க மொழியிலுள்ள பழைய கடல்வழிக் குறிப்பு நூலில் வரும் ‘பொதுகே’ என்னும் துறை இதுவே என்பர் அறிஞர்.

அரிக்கமேட்டில் நின்று கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அங்கே செங்கல்லால் கட்டிய தொட்டிகள் கிடைத்தன. அவை துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்று வீலர் கருதினார். கண்ணாடியிலும் மணிக்கல்லிலும் மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும் கிடைத்தன. எனவே அது சரக்கு மாறிக் கைமாறிய துறை மட்டுமன்று. சரக்கைச் செய்த துறை. வணிகமும் தொழிலும் ஒரே கரையில் இணைந்திருந்தன. இவ்விணைப்பே புதுவைக் கரையின் பண்பு. பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்தும் அது மாறவில்லை.

கலம் நின்ற இடமும் கரை சேர்ந்த வழியும்

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் நிலைகொண்டார். 1693-இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றினர். 1699-இல் திருப்பித் தந்தனர். இன்று ஊரின் தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக ஓடுவதற்கு அவ்வொல்லாந்தர் வகுத்த அமைப்பு அடிப்படை. நடுவே ஓடிய பெருவாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் இருந்தனர். மேற்கே தமிழர் இருந்தனர். கடல் கிழக்கே, கடலை வென்றவர் மேற்கே!

வென்றவர் என்பது வெறும் புகழுரையன்று. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. கடலுக்குள் நெடுந்தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து கரைவரை அலைமேல் அலையாக மடியும் கொந்தளிப்பு. ஐரோப்பியரின் ஆணியடித்த படகு அவ்வலையில் மோதினால் பிளந்துவிடும். அதனைக் கடந்தது தமிழனின் சலங்கு. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஓர் ஆணி கூட இல்லை. அலை அடிக்கும்போது அது வளைந்து கொடுக்கும், உடையாது. செய்தி கொண்டு செல்லக் கட்டுமரம். அக்கட்டுமரம் என்னும் சொல்லே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்து இன்று உலகெங்கும் ஓடுகிறது. சரக்கு வைக்கும் கிடங்கு என்னும் சொல்லும் மலாய் வழியாக ஆங்கிலம் சென்றிருக்கலாம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர்.

ஆளுநர் எத்துணைப் பெரியவராயினும், தம் காலைக் கரையில் வைப்பதற்கு முன் ஒரு சலங்குக்காரனின் துடுப்பை நம்பியே ஆகவேண்டும். பிரான்சு நாட்டு மன்னனின் ஆணையும் அந்தத் துடுப்பின் வழியாகவே கரையேறிற்று. அத்துடுப்பைப் பிடித்தவனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எழுதி வைத்த ஒருவர்

ஒரு தமிழர் எழுதி வைத்தார். 1709-இல் பிறந்து 1761 சனவரியில் மறைந்த ஆனந்தரங்கப்பிள்ளை அவர். ஆளுநர் தூப்ளேயின் துபாசி எனப்பட்ட இருமொழியாளர், பெருவணிகர், ‘ஆனந்தப் புரவி’ என்னும் கலத்தை உடையவர். 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி வாழ்வின் இறுதிவரை அவர் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆட்சியின் உள்ளறையில் இருந்துகொண்டு தமிழில் எழுதினார் என்பதே அதன் பெருமை. எக்கப்பல் வந்தது, எச்சரக்கு இறங்கிற்று, எத்தனை பொதித் துணி ஏறிற்று, என்ன விலை பேசப்பட்டது, யார் யாரை ஏமாற்றினார் என்பன எல்லாம் அதில் உண்டு.

அவ்வேடு பட்ட பாட்டையும் அறிதல் வேண்டும். எழுதியவர் மறைந்து 85 ஆண்டுகள் அது வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. 1846-இல் கண்டறிந்து படியெடுத்தவர் ஒரு பிரெஞ்சியர். 1904 முதல் 1928 வரை 12 மடலங்களாக வெளியிட்டது சென்னை அரசு. ஆனால் வெளியிட்டது ஆங்கிலத்தில். தமிழன் தமிழில் எழுதிய ஏடு, தமிழ்மூலம் அச்சேறுவதற்கு முன்னரே ஆங்கிலத்தில் நூலாயிற்று! தன் வீட்டுக் கணக்கைப் பிறன் வாயால் கேட்டறிந்த இனம் வேறெங்கும் உண்டோ?

1761 புத்தாண்டு நாளில் வீசிய பெரும்புயல், புதுவையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை உடைத்தது. ஆயினும் முற்றுகை தளரவில்லை. அத்திங்களிலேயே ஊர் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பல முறை கைமாறி, 1816-இல்தான் பிரெஞ்சியரிடம் நிலையாக மீண்டது. படைவலிமை போயிற்று, எஞ்சியது வணிகம் ஒன்றே.

நீலத்துணி

அவ்வணிகத்தின் முதுகெலும்பு நீலத்துணி. ‘கினி’ என்று பிரெஞ்சியர் அழைத்த அத்துணி, பருத்தி நூலால் நெய்து அவுரி நீலத்தில் தோய்த்தது. அவுரியிலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரை நெடுநேரம் அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தைத் திரட்டிக் கட்டியாக்குவர். துணியைத் தொட்டியில் தோய்ப்பர், காற்றில் உலர்த்துவர், மீண்டும் தோய்ப்பர். கருமை பாயும்வரை இது நடக்கும். பின்னர்க் கட்டையால் அடித்துப் பளபளப்பு ஏற்றுவர்.

இத்துணி எங்கே போயிற்று? பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே அது உடையாக மட்டுமன்றிக் காசாகவும் வழங்கிற்று. பாலைநிலத்து வணிகர் தம் வேலம்பிசினைக் கொடுத்து நீலத்துணியை வாங்கினர். அப்பிசின் பிரான்சு நாட்டு நெசவாலைகளுக்குப் போயிற்று. தென்னார்க்காட்டுத் தறியில் ஒருவன் நெய்த துணி, செனகலில் நாணயமாகி, பிரான்சில் ஆலைப்பொருளாகி, ஊதியமாகி, ஐரோப்பியரின் பெட்டியில் அடங்கிற்று. இடையில் கைமாறிய ஒவ்வோரிடத்திலும் ஒருவன் செழித்தான். தொடக்கத்தில் இருந்த நெசவாளன் மட்டும் முன்பணக் கடனில் மூழ்கிக் கிடந்தான்.

இந்நீலத்துணிக்காகவே 1829-இல் சவானா ஆலை தோன்றிற்று. பிரெஞ்சு முதலாளிகள் நீராவிப் பொறியைக் கொணர்ந்தனர். பம்பாயில் பஞ்சாலை எழுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்தது இது. இந்திய மண்ணில் மிக முந்திய பஞ்சாலைகளுள் ஒன்று இது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெப்ளே ஆலையும் உரோடியர் ஆலையும் எழுந்தன. கெப்ளே ஆலையே பின்னர்ப் பாரதி ஆலை. உரோடியர் ஆலையே ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை. ஆலைச் சங்கு ஊதினால்தான் ஊரே விழிக்கும் என்ற நிலை வந்தது. வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களினின்று விடியுமுன் நடந்து சென்ற ஆண்களும் பெண்களும் அவ்வாலைகளை ஓட்டினர்.

மல்லாட்டையும் மனிதச் சரக்கும்

துறையின் இரண்டாம் சரக்கு நிலக்கடலை. மணிலாக் கொட்டை என்பது திரிந்து மல்லாட்டை என்று இப்பகுதி மக்கள் வழங்கும் அதுவே. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்களெல்லாம் மல்லாட்டை ஆயிற்று. பிரான்சின் மர்சேய்த் துறையில் இருந்த எண்ணெய் ஆலைகளும் சவர்க்கார ஆலைகளும் அதனை விழுங்கின. சாலையில் மாட்டுவண்டி வரிசை. 1879-க்குப் பின் தொடர்வண்டி. பெரும்பகுதி பருப்பாகவே ஏறிற்று. ஆட்டும் கூலியும், பிண்ணாக்கும், சவர்க்காரம் செய்யும் ஊதியமும் அங்கே தங்கின. இங்கே தங்கியவை தோலும் தூசியும்.

மூன்றாம் சரக்கைச் சொல்ல நா கூசுகிறது. அது மனிதன். ஆட்களை ஏய்த்துப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை ஆனந்தரங்கர் நாட்குறிப்பிலேயே பதிவாகியுள்ளது. 1848-இல் பிரெஞ்சு நாடு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி என்னும் பெயரில் புதுச்சேரியினின்றும் காரைக்காலினின்றும் தமிழர் ஏற்றப்பட்டனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே 6-ஆம் நாள் மார்த்தினிக்கு தீவையும், 1854 திசம்பர் 24-ஆம் நாள் குவாதலூப்பு தீவையும் அடைந்தது. 1880-களில் அவ்வனுப்பீடு நிற்கும்வரை, மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவினின்று சென்றனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். இரீயூனியன் தீவுக்குப் போனவர் வேறு.

ஏற்றியவர் பிரெஞ்சியர் என்று கூறிக் கைகழுவிவிட முடியாது. ஊரூராகச் சென்று ஆசை காட்டி ஆள் பிடித்த தரகர் தமிழர். பஞ்சத்தால் வாடிய குடும்பத்தின் முன் முன்பணத்தை நீட்டியவர் தமிழர். அத்தீவுகளில் இன்று தமிழ்ப் பெயர் இருக்கிறது, மாரியம்மன் இருக்கிறாள், மதுரைவீரன் இருக்கிறான், தமிழ்மொழி மட்டும் நாவினின்று நழுவிவிட்டது. ஏற்றப்பட்டவர் தம் மொழியை இழந்தனர். ஏற்றியவர் தம் நினைவை இழந்தனர்.

பன்னிருவர்

ஆலைகளுக்குள் ஒரு நாளின் வேலை விடியலில் தொடங்கி இரவில் முடிந்தது. சங்கம் அமைக்க உரிமையில்லை. 1934-இல் ‘சுதந்திரம்’ என்னும் இதழைத் தொடங்கிய வ. சுப்பையா (1911–1993) ஆலைத் தொழிலாளரை ஒருங்கிணைத்தார். 1935-இல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை, கூலி உயர்வு ஆகியவற்றுக்காகப் போராட்டம் வளர்ந்தது.

1936 சூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு அரசின் படை சவானா ஆலைத் தொழிலாளரைச் சுட்டது. பன்னிருவர் மாண்டனர். உரிமை, சமன்மை, உடன்பிறப்பு என்று தன் அரசுக்கட்டடங்களில் பொறித்த நாட்டின் துப்பாக்கிகள் அவை! செய்தி பாரிசு வரை சென்று அதிர்ந்தது. 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேரத்தைப் பெற்றது இக்கரையே என்று புதுவைத் தொழிலாளர் பெருமையுடன் கூறுவர். ஆண்டுதோறும் சூலை 30 அன்று அப்பன்னிருவரும் நினைக்கப்பெறுகின்றனர். எட்டு மணிக்குப் பின் இல்லம் திரும்பும் தொழிலாளி ஒவ்வொருவனும் தன் மாலைப் பொழுதை அவர்களிடமே பெற்றான்.

பாலமும் மணலும்

அலைமேல் சலங்கு ஓட்டும் துன்பத்தைக் குறைக்க, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1836-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் அருகே நின்றது. அப்பாலத்தை 1952-இல் புயல் சிதைத்தது. அதற்குள் பிரெஞ்சியரின் நாள்களும் எண்ணப்பட்டுவிட்டன. 1954 அக்தோபர் 18-ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரில், 178 பேராளருள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகத்து 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. புதுப்பாலமும் 1962-இல் எழுந்தது. ஆனால் கப்பல்கள் எங்கே? 1881-இல் புயலால் உடைந்தும் விடாமல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைச் செயற்கைத் துறைமுகம் அவற்றை முன்னரே ஈர்த்துக்கொண்டிருந்தது. 1962-இல் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சுத் திங்களில் சரிந்து கடலில் வீழ்ந்தது.

இதற்கிடையில் மற்றொன்று நிகழ்ந்தது. 1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டம் தெற்கினின்று வடக்கே மணலைச் சுமந்து செல்லும். குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே கரை அரிக்கப்பட்டது. ஊரின் கடற்கரை மணலை இழந்து கருங்கல் குவியலாயிற்று. வடக்கே வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலைநகர் மீனவர் தம் கட்டுமரத்தை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் இடமின்றித் திகைத்தனர். பின்னர் வல்லுநர் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்து ஒரு பகுதியில் மணலை மீட்டனர். மணல் எத்திசையில் நகரும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் மீனவர். சலங்கைத் தைத்த கையின் அறிவைப் பொறியியல் ஏடு கேட்டிருந்தால் இவ்வளவு இழப்பு நேர்ந்திருக்குமா?

ஆலைகளின் முடிவும் இதே போன்றது. அரசின் கைக்கு வந்த ஆலைகள் இழப்பில் இழுபட்டன. 2011 திசம்பர் 30-இல் வீசிய தானே புயல் ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலையின் கூரைகளைப் பெயர்த்தது. 2020 ஏப்பிரல் 30-உடன் அவ்வாலை மூடப்பட்டது. சங்கொலி நின்றது.

செய்யத்தக்கவை

தமிழ்ப் பெருமக்களே! இவ்வரலாற்றைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. தொழில் இன்று இவ்வூர்ப் பக்கமே வந்துவிட்டது. விழுப்புரம் சாலையோரம் ஆலைகள் நிற்கின்றன. முன்பு கரைக்கு நடந்த கால்கள் இன்று சாலைக்கு நடக்கின்றன. பழைய கரையில் நேர்ந்த பிழை புதிய சாலையில் நேராதிருக்க மூன்று கடமைகள் உண்டு.

முதலாவது, எழுதுதல். ஆலைகளில் உழைத்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். தறிக்கும் கதிருக்கும் சாயத்தொட்டிக்கும் அவர் வழங்கிய சொற்கள் அவர் நாவிலேயே இருக்கின்றன. சலங்கு தைத்த முறையைத் தந்தையிடம் கேட்டவர் குப்பங்களில் இருக்கின்றனர். ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் இருவர் ஒரு குறிப்பேட்டுடன் அவர் திண்ணைக்குச் செல்லட்டும். நெய்தல் சொல்லும் நெசவுச் சொல்லும் அவரோடு புதையுண்டால், எந்த அகரமுதலியும் அவற்றை மீட்டுத் தராது.

இரண்டாவது, காத்தல். மூடிய ஆலைகள் வெறும் நிலமாக அளக்கப்படுமுன், அவற்றின் ஒரு கூடமேனும் உழைப்பின் காட்சியகமாக நிற்கவேண்டும். சம்பளப் பேரேடுகளும் வருகைப் பதிவேடுகளும் பழைய தாளாக எடைக்குப் போகாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். ஆளுநருக்குச் சிலை வைத்த ஊர், சாயத் தொட்டிக்கு ஒரு கூரை போடக்கூடாதா?

மூன்றாவது, தமிழில் நடத்துதல். 1965-இலேயே புதுவையின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அமர்த்திற்று. ஆயினும் பொறியருகே தொங்கும் எச்சரிக்கைப் பலகையைத் தொழிலாளி படித்தறிய முடிகிறதா? அவன் கைச்சாத்திடும் ஒப்பந்தம் அவன் மொழியில் இருக்கிறதா? 1853-இல் ஒப்பந்தத்தாளில் விரலூன்றியவனுக்கு அதில் எழுதியது தெரியாது. அதனாலேயே அவன் கடல் கடந்தான். இன்று கையெழுத்திடுபவனுக்கும் தெரியாதெனில், கப்பல் மாறியதேயன்றி நிலை மாறவில்லை. ஆலைதோறும் பாதுகாப்பு விதியும், கூலிச் சீட்டும், ஒப்பந்தமும் தமிழில் வேண்டும் எனக் கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று; உயிர்க்காப்பு.

ஆளுநரின் கணக்கைப் பிரெஞ்சியர் எழுதினர். வணிகனின் கணக்கை ஆனந்தரங்கர் எழுதினார். சலங்குக்காரனின் கணக்கும், சாயக்காரனின் கணக்கும், பன்னிருவரின் கணக்கும் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. அவ்வேட்டின் முதல் பக்கத்தை இவ்வூர் இளைஞரே எழுதட்டும்.

உழைத்தவர் பெயர் ஓங்குக! தமிழ் வெல்க!